நீச்சல் தெரியாமல் ஸ்கூபா போகலாமா? கிணற்றில் கற்றவன் அனுபவம்

கேள்வி: 3 மார்ச் 2025, குடியாத்தத்திலிருந்து

ஏப்ரல் கடைசியில் அந்தமான் போகிறோம். நான், மனைவி, பையன் (ஜூனில் பத்து வயது முடிகிறது). ஹேவ்லாக் தீவில் அரை மணி நேர ஸ்கூபா (முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போவது) இருக்கிறது, நீச்சலே தெரியவேண்டாம், கூட ஆள் வருவார் என்கிறார்கள். நம்பலாமா? எனக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது. வேலூர்ப் பக்கம் பிறந்தவன் எங்கே போய்க் கற்றுக்கொள்வது, பாலாற்று மணலிலா? போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: 3 மார்ச் 2025, இரவு

போகலாம் தம்பி. பையனை மட்டும் விட்டுவிடுங்கள். பத்து வயது முடியவேண்டும் என்பது விதி. இரண்டு மாதம்தானே என்று கெஞ்சினால் சரி சொல்லும் ஸ்கூபா கடை ஒன்று கிடைக்கும். அந்தக் கடைக்கு நீங்களும் போகாதீர்கள்.

நான் வேலூர் சத்துவாச்சாரிக்காரன். இந்தப் பொங்கல் லீவில் போய்வந்தேன். எனக்கு நீச்சல் தெரியும், மனைவிக்குத் தெரியாது. தண்ணீருக்குள் யார் ஒழுங்காக நடந்துகொண்டது என்றால் அவள்தான். நான் 40 அடி வரை போனேன், ஆனால் போன லட்சணம் சரியில்லை. ஆக்சிஜன் சிலிண்டரை வேகமாகக் காலி செய்துவிட்டேன் என்று பயிற்றுநரே சிரித்தார். நாளைக்கு விவரமாக எழுதுகிறேன், கடைக் கணக்கு முடிக்கவேண்டும்.

4 மார்ச் 2025

முதலில் நீச்சல் ஏன் வேண்டாம் என்பது. நாங்கள் போனது கரையிலிருந்தே இறங்கும் இடம், நீமோ ரீஃப் என்கிறார்கள். இடுப்பில் ஈயக்கட்டி பெல்ட், முதுகில் சிலிண்டர், அதைத் தாங்குகிற காற்றுச் சட்டை. மார்பளவுத் தண்ணீரில் முட்டி போட வைத்து இருபது நிமிடம் பழக்கினார்கள்: வாயால் மட்டும் மூச்சு, வாய்க்குழாய் கழன்றால் திரும்பப் பொருத்துவது, முகமூடிக்குள் தண்ணீர் வந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுவது, கைச்சைகை. அதற்கப்புறம் பயிற்றுநர் பின்னாலிருந்து சிலிண்டரின் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறார், பூனை குட்டியைக் கவ்வுவது மாதிரி. மேலே போவது, கீழே போவது, திரும்புவது எல்லாம் அவர் கையில். நாம் காலைக் கூட ஆட்டவேண்டியதில்லை. எங்களுக்கு ஆளுக்கு ஒருவர் வந்தார். எனக்கு ராமநாதபுரத்துக்காரர், மனைவிக்கு மாயாபந்தர் பக்கத்துக் கரேன் (பர்மாவிலிருந்து வந்து குடியேறிய இனம்) பையன். முன்பதிவு செய்யும்போதே ‘ஆளுக்கு ஒருத்தரா’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது என் கதை. எங்கள் சொந்த ஊர், அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம். பெரியப்பா நிலத்தில் பெரிய சதுரக் கிணறு, ஒரு பக்கம் கல் படி. முதுகில் பிளாஸ்டிக் கேன் கட்டித் தள்ளிவிட்டார்கள். ஏழாவது நாள் கேனை அவிழ்த்துவிட்டுத் தள்ளினார்கள். பயிற்சி அவ்வளவுதான். அப்புறம் காசு போட்டு எடுக்கும் விளையாட்டு. மூன்றாள் தண்ணீர். மேலே நின்று மூச்சை இழுத்து நெஞ்சில் பூட்டிக்கொண்டு தலைகீழாக இறங்கி, மண்ணைத் துழாவி, காசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கண் பிதுங்க மேலே வரவேண்டும். யார் அதிக நேரம் பூட்டிவைக்கிறானோ அவன் ராஜா. நான் மூன்று கோடைக்கு ராஜாவாக இருந்தவன்.

ஸ்கூபாவில் முதல் விதி என்ன தெரியுமா? மூச்சை அடக்காதே.

அதைப் படித்தேன், தலையாட்டினேன், கையெழுத்துப் போட்டேன். தண்ணீர் காதைத் தாண்டியதும் என் உடம்பு முப்பத்தைந்து வருஷப் பழக்கத்தை எடுத்துப் போட்டுக்கொண்டது. ஒரு இழு, பூட்டு. அவர் என் நெஞ்சைத் தட்டினார். விட்டேன். மறுபடி இழு, பூட்டு. மறுபடி தட்டு. வாயில் காற்று கொட்டிக்கொண்டிருக்கிறது, நான் கஞ்சன் மாதிரி சேர்த்துவைக்கிறேன். அப்புறம் மூச்சு முட்டி இரண்டு மடங்காக இழுக்கிறேன். சிலிண்டர் சீக்கிரம் காலியானது அதனால்தான்.

இது வெறும் நடைமுறை விதி என்று நினைத்திருந்தேன். மாலையில் அவர் டீக்கடையில் விளக்கினார். கிணற்றில் நான் கொண்டுபோவது மேல்தளத்துக் காற்று. கீழே போகப்போக அது நசுங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்பும், அவ்வளவுதான். இங்கே நான் இழுப்பது அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே வரும் காற்று. 10 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்துப் பூட்டிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் பலூன் இல்லை. ஓராள் ஆழத்திலிருந்து அப்படி வந்தாலே கிழிய வாய்ப்பு உண்டாம். டீ ஆறிப்போய்விட்டது எனக்கு.

மனைவியிடம் கேட்டேன், உனக்கு எப்படி வந்தது என்று. “மூச்சு விடு என்றான் அந்தப் பையன், விட்டேன்” என்றாள்.

5 மார்ச் 2025

ராணிப்பேட்டை அன்பர் பிடித்துவிட்டார். ஆக்சிஜன் சிலிண்டர் என்று எழுதியது தப்பு. உள்ளே இருப்பது நாம் இப்போது இழுக்கும் இதே காற்று, வடிகட்டி ஈரம் நீக்கி 200 பார் அழுத்தத்தில் அடைத்தது. சுத்த ஆக்சிஜனோடு 6 மீட்டருக்குக் கீழே போனால் அதுவே விஷமாகி வலிப்பு வரலாம்.

பஞ்சர் கடையில் அடிப்பது மாதிரியா என்று கேட்டிருக்கிறார். கார் டயரில் இருப்பதைப் போல் கிட்டத்தட்ட நூறு மடங்கு அழுத்தம். எண்ணெய் வாடை கலக்காத தனிக் கம்ப்ரசர். பஞ்சர் கடை அண்ணன்கள் முயற்சி செய்யவேண்டாம்.

5 மார்ச் 2025, மறுபடியும்

மீசை. இதை மறந்துவிட்டேன். முகமூடியின் சிலிக்கோன் ஓரம் மூக்குக்குக் கீழே தோலோடு ஒட்டவேண்டும். மீசை இருந்தால் அந்த வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஏறும். பயிற்றுநர் என் மீசையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். எடுக்கச் சொல்வாரோ என்று பயந்துபோனேன், எங்கள் வீட்டில் துக்கத்துக்குத்தான் மீசை எடுப்பார்கள். வாசலைன் டப்பாவை நீட்டினார். மேல் ஓரத்தில் தடவிக்கொண்டேன். பாதி அடைத்தது, மீதி மூக்கில் போனது.

6 மார்ச் 2025

காது. நீச்சல் என்று கவலைப்படுகிறவர்கள் கவலைப்படவேண்டியது காதைப் பற்றி.

கிணற்றில் காசு எடுக்கும்போது ஓராளைத் தாண்டினால் காதில் ஆணி இறங்கும். எல்லோருக்கும் இறங்கும், பல்லைக் கடித்துக்கொள்வதுதான் வீரம். அது ஏன், அதற்கு மருந்து உண்டா என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மருந்து இருக்கிறது: மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெதுவாக மூக்கால் ஊதவேண்டும். காதுக்குள் ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம். செவிப்பறைக்கு உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே இருப்பதோடு சமமாகிவிட்டது என்று அர்த்தம். வலி வருவதற்கு முன்னாலேயே செய்யவேண்டும், ஒவ்வொரு மீட்டருக்கும் செய்யவேண்டும். வலி வந்த பிறகு பலமாக ஊதினால் கெடும். ‘டப்’ வரவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயலவேண்டும். முகமூடியில் மூக்குக்கு மட்டும் மெத்தென்று ஒரு பை வைத்திருப்பதே இதற்காகத்தான்.

இவ்வளவும் நன்றாகத் தெரிந்துகொண்டும் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். போவதற்கு முன்தினம் எனக்குச் சளி. படிவத்தில் கேள்வி இருந்தது: சளி, சைனஸ், காது அறுவைச் சிகிச்சை, ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, கர்ப்பம். கடையில் இருந்தவர் “எல்லாத்துக்கும் ‘இல்லை’ போடுங்க சார், இல்லாட்டி டாக்டர் சர்டிஃபிகேட் கேப்பாங்க” என்றார். போட்டேன். கட்டிய 4,500 ரூபாய் திரும்பாது என்று பலகை வேறு தொங்கியது. இடது காது திறந்தது, வலது காது முரண்டு பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன், கிணற்றுப் பழக்கம்.

மறுநாள் விமானம் சென்னையில் இறங்கும்போது வலது காதில் யாரோ திருகாணி முறுக்கினார்கள். வேலூர் வந்து காது மூக்கு டாக்டரிடம் போனேன். வரிசையில் பக்கத்தில் வங்காளத்துப் பெரியவர், இரண்டு நாள் ரயிலில் வைத்தியத்துக்கு வந்தவர். ‘உங்களுக்கு என்ன’ என்று சைகையில் கேட்டார். கடலுக்குள் போனேன் என்று கையை ஆட்டிக் காட்டினேன். ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, செவிப்பறை சிவந்திருக்கிறது, கிழியவில்லை, மூன்று வாரம் தண்ணீர் படக்கூடாது என்றார்.

அந்தக் கடையைத் திட்டி ஒரு பத்தி எழுதியிருந்தேன், அழித்துவிட்டேன். பேனா என் கையில்தான் இருந்தது.

6 மார்ச் 2025, இரவு

ஆம்பூர் அண்ணன் கேட்டதற்கு: சளி மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கலாமா? வேண்டாம். கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் இறங்கினால், ஏறி வருகையில் அடைத்துக்கொள்ளும். ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். பிரியாணியையும் தள்ளிப்போடுங்கள். காலையில் இரண்டு இட்லி போதும்.

9 மார்ச் 2025

இன்னொரு திருத்தம், இது என் மனைவி வற்புறுத்தி எழுத வைப்பது. 40 அடி போனேன் என்று சொன்னேன் அல்லவா. பயிற்றுநர் கைக்கடிகாரத்தைப் படம் எடுத்திருந்தார். 8.2 மீட்டர். அதாவது 27 அடி. பழகாதவர்களை 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போகக் கூடாது, பெரும்பாலும் அந்த எல்லை வரையும் போவதில்லை. என் 40 எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். பெரியப்பா கிணற்றின் மொத்த ஆழம் அது.

அவள் 7.9. முப்பது சென்டிமீட்டர் நான் முன்னால். பதிவு செய்துவிட்டேன்.

11 மார்ச் 2025

அடியில் என்னதான் இருந்தது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். காதையும் மூச்சையும் பற்றியே எழுதி, பார்த்ததைச் சொல்லவே இல்லை.

முதலில் சத்தம். கடலுக்குள் அமைதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நம் மூச்சுக்குமிழி ‘புளுபுளு’ என்று ஒருபக்கம். மூச்சு இழுக்கும் இடைவெளியில் கவனித்தால், சுற்றிலும் கடுகு வெடிக்கிற சத்தம். எண்ணெயில் கடுகைப் போட்டுவிட்டு யாரோ மூட மறந்த மாதிரி. பவளப்பாறைக்குள் இருக்கும் ஒருவகைச் சின்ன இறால் கொடுக்கைச் சொடுக்குகிற சத்தமாம். கிளிமீன் பவளத்தைக் கடித்து மெல்லும் நறநறப்பும் கேட்டது. அது மென்று கழிப்பதுதான் வெள்ளை மணலாகச் சேருகிறது என்று கேட்டபின் கடற்கரையில் வெறுங்காலோடு நடக்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

அப்புறம் என் கையில் கட்டியிருந்த சிவப்புக் கயிறு. ஜலகண்டேஸ்வரர் கோயிலில் கட்டியது, புதுக் கயிறு, நல்ல குங்குமச் சிவப்பு. அடியில் கையைப் பார்த்தால் அழுக்குப் பழுப்பு. சாயம் போய்விட்டது என்று நினைத்தேன், மேலே வந்தால் பழையபடி சிவப்பு. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு வெளிச்சத்தைத்தானாம். சில மீட்டரிலேயே மங்கிப்போகும். பயிற்றுநர் டார்ச் அடித்துக் காட்டினார், வெளிச்சம் பட்ட இடம் மட்டும் சிவந்தது. ஒரு பாறையில் அடித்தார். சாம்பலாகக் கிடந்தது செக்கச்செவேல் என்று திரும்பியது. எனக்குப் பிடித்தது எது என்றால் இதைத்தான் சொல்வேன்.

கோமாளி மீன் பார்த்தேன். கடற்சாமந்திக்குள் இருந்து வெளியே வந்து என் முகமூடியை முறைத்துவிட்டு உள்ளே போகும், மறுபடி வந்து முறைக்கும். விரலளவுதான், ரோஷம் மட்டும் ஆளளவு. சந்தோஷத்தில் கட்டைவிரலை உயர்த்தி ‘சூப்பர்’ காட்டினேன். பயிற்றுநர் உடனே என்னை மேலே தூக்கிக்கொண்டு போகத் தொடங்கினார். தண்ணீருக்குள் கட்டைவிரல் மேலே என்றால் ‘மேலே போகலாம்’. நன்றாக இருக்கிறேன் என்பதற்கு ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வட்டமாகச் சேர்க்கவேண்டும். சமையல் ருசியாக இருக்கிறது என்று காட்டுவோமே, அது.

ஊருக்கு வந்து முழங்கை நீள மீன் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முகமூடிக் கண்ணாடி வழியாக எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியுமாம். மனைவி இதையும் குறித்து வைத்திருக்கிறாள்.

செத்த பவளமும் நிறைய. சுண்ணாம்புக் குச்சிகளைக் கொட்டிவைத்த மாதிரி. 2010-இல் கடல் சூடாகி அந்தமானில் பெருமளவு வெளுத்துப்போனது. உயிரோடு இருப்பதைத் தொடக்கூடாது, கரையில் ஒதுங்கிய துண்டைப் பையில் போடவும் கூடாது. பையனுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள் தம்பி, விமான நிலையத்தில் எடுத்து வைத்துவிடுவார்கள், அழுவான்.

12 மார்ச் 2025

குளிருமா என்று கேட்ட செய்யாறு அம்மாவுக்கு: தண்ணீர் 28 டிகிரி. மே மாதத்தில் 40-ஐத் தாண்டும் ஊர்க்காரர்கள் நாம், 28 எல்லாம் ஒரு குளிரா என்று இறங்கினேன். அரை மணியில் பல் தந்தியடித்தது. காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை இருபத்தைந்து மடங்கு வேகமாக உறிஞ்சும். ரப்பர் உடையை இறுக்கமாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

15 மார்ச் 2025

அந்தமானுக்கு ஏன் அவ்வளவு செலவு, பாண்டிச்சேரியிலேயே இருக்கிறதே என்று ஒருவர். இருக்கிறது. ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் வழியாகக் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அங்கே படகில் போய்த்தான் இறங்கவேண்டும், தண்ணீர் தெளிவு நாளுக்கு நாள் மாறும். வாந்தி வருகிறவர்கள் யோசிக்கவேண்டும். கர்நாடகத்தில் முருடேஸ்வரிலிருந்து நேத்ராணி தீவுக்கும் படகில் போகிறார்கள், மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள். முதல்முறை, நீச்சல் தெரியாது என்றால் கரையிலிருந்து நடந்து இறங்கும் ஹேவ்லாக் நல்லது என்பது என் எண்ணம். மூன்றில் ஒன்றில்தான் நான் இறங்கியிருக்கிறேன், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டில் பெயர் பார்த்துக் குழம்பவேண்டாம். ஹேவ்லாக் இப்போது ஸ்வராஜ் த்வீப், போர்ட் பிளேர் 2024-இலிருந்து ஸ்ரீ விஜயபுரம். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், காலையில் முதல் ஆளாக இறங்குங்கள்.

16 மார்ச் 2025

முக்கியமானது, மேலே விட்டுவிட்டேன். ஸ்கூபா போன அன்றே விமானம் ஏறாதீர்கள். ஒருமுறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை என்றால் 18. அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், விமானத்தில் அழுத்தம் குறையும்போது குமிழியாகும். சோடா மூடியைத் திறந்த மாதிரி. ஊர் திரும்பும் நாளில் வைக்காமல் நடுவில் வையுங்கள்.

திருப்பத்தூர்த் தம்பி கேட்டது நல்ல கேள்வி: பாண்டியில் முங்கிவிட்டு அன்றைக்கே ஏலகிரி ஏறலாமா? ஏலகிரி 1,000 மீட்டருக்கு மேல். மலை ஏறுவதும் அழுத்தம் குறைவதுதான். ஒரு இரவு கீழே தூங்கிவிட்டுப் போங்கள். வேலூர் வரை பிரச்சினை இல்லை, நாம் 200 மீட்டர் சொச்சத்தில்தான் இருக்கிறோம்.

18 மார்ச் 2025

அம்மாவிடம் இப்போதுதான் செலவைச் சொன்னேன். “ரெண்டு பேருக்கும் ஒன்பதாயிரம் கொடுத்துக் குளிக்கப் போனீங்களா?” என்றாள். சிரித்தேன். அப்புறம் யோசித்தால் அவள் வார்த்தை சரிதான். தூத்துக்குடிப் பக்கம் முத்துக் குளிப்பது, சங்கு குளிப்பது என்றுதானே சொல்கிறோம். குளிப்பது என்றால் முங்கி அடிக்குப் போவது. அவர்கள் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கி மூச்சைப் பூட்டிக்கொண்டு வேலை பார்த்தவர்கள். எங்கள் கிணற்று ராஜாக்கள் எல்லாம் அவர்கள் கால் தூசுக்குக் காணமாட்டார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னேன். “முத்து எங்கே?” என்றாள்.

4 மே 2025

குடியாத்தம் தம்பி போய்வந்து எழுதியதைப் படித்தேன். மனைவி இறங்கி முப்பத்தைந்து நிமிடம் இருந்துவிட்டு வந்தாராம், இவர் மார்பளவுத் தண்ணீரில் முகமூடிப் பயிற்சியோடு கரையேறிவிட்டாராம். பணமும் போயிற்று, மானமும் போயிற்று என்கிறார். தம்பி, படிவத்தில் ‘இல்லை’ போட்ட நான் மூன்று வாரம் காதில் பஞ்சோடு திரிந்தேன். நீங்கள் கட்டைவிரலைச் சரியாக உயர்த்தியிருக்கிறீர்கள். எந்த நிமிடத்திலும் யாரும் வேண்டாம் என்று சொல்லலாம், காரணம் கேட்கக்கூடாது என்று எனக்கும் முதலில் சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். காதில் விழவில்லை.

பையனோடு கரையில் கட்டிய மணல் கோட்டைப் படம் நன்றாக இருக்கிறது. வேலூர்க் கோட்டை என்று பார்த்ததும் தெரிந்தது, அகழியில் தண்ணீர்கூட விட்டிருக்கிறீர்கள்.

18 மே 2025

ஊருக்குப் போயிருந்தேன். ஃபெஞ்சல் புயல் மழைக்கு நிறைந்த கிணறு, மோட்டார் ஓடியும் இன்னும் இரண்டாளுக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. காது சரியாகிவிட்டது, டாக்டரும் சரி சொல்லிவிட்டார். ஐந்து ரூபாய்க் காசைப் போட்டேன். படியில் அண்ணன் பிள்ளைகள் நான்கு பேர்.

ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். டப். இன்னும் கொஞ்சம். டப். இந்தக் கிணற்றின் அடியில் முதன்முறையாகக் காது வலிக்காமல் நின்றேன். சேறு, ஒரு செருப்பு, பழைய மோட்டார்க் குழாய்த் துண்டு. முகமூடி இல்லாததால் எல்லாம் கலங்கல். ஒரு கை மூக்கில் இருந்ததால் துழாவ ஒரு கைதான் மிச்சம்.

மேலே வந்ததும் சின்னவன் கேட்டான், “சித்தப்பா, நாத்தமா அடிச்சுது, மூக்கைப் பிடிச்சுக்கிட்டே போனீங்க?”

காசு கிடைக்கவில்லை. அவன் ஒரே முங்கில் எடுத்துக்கொண்டு வந்தான்.